பீவர்டெயில் சாப்பிட ஒட்டாவா வரை போகலாமா?

பிப்ரவரியில் கனடாவில், டொரன்டோவை ஒட்டிய மிஸிஸாகாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வருகிறீர்கள். தலைநகரான ஒட்டாவாவில் உறைந்துபோன கால்வாயில் ஸ்கேட்டிங் செய்துகொண்டே பீவர்டெயில் என்ற பலகாரத்தைச் சாப்பிடுவார்களாமே, அது நிஜமா, அதற்காக 450 கிலோமீட்டர் காரில் போவது தகுமா, அதில் எதை வாங்குவது, நாங்கள் சைவமாயிற்றே, பிள்ளைகள் ஸ்கேட்டைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லையே என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். பல குளிர்காலங்களை ஒட்டாவாவில் கழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயணத்தைப் பற்றி. பலகாரத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அதே பலகாரம் டொரன்டோ ஏரிக்கரையிலேயே கிடைக்கும், தம்பி வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். ஒட்டாவாவில் மட்டும் இருப்பது அந்த ஐஸ். ஐஸ் திறந்திருந்தால் 450 கிலோமீட்டர் போகலாம், பீவர்டெயிலும் சாப்பிடலாம், இரண்டும் சேர்ந்தால் நன்றாகவே இருக்கும். ஐஸ் திறக்காத வாரத்தில் போனால் பொரித்த மாவின் மேல் சர்க்கரை தூவித் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே முதலில் ஐஸ், அப்புறம் ஹோட்டல், அதற்குப் பிறகுதான் பலகாரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சறுக்கிக்கொண்டே சாப்பிடுவார்களா? விளம்பரப் படங்களில் அப்படித்தான் இருக்கும். நேரில் அதைச் செய்பவர்கள் பத்து வயதிலிருந்து ஹாக்கி ஆடியவர்கள். மற்ற எல்லாரும் கடை ஓரத்தில் நின்றோ பெஞ்சில் உட்கார்ந்தோதான் சாப்பிடுகிறார்கள். ஸ்கேட்டை மட்டும் கழற்றுவதில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. மைனஸ் 15 டிகிரியில் ஸ்கேட் கயிற்றை அவிழ்க்க வேண்டுமானால் கையுறையைக் கழற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிடும். சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பவும் அதே கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். பசித்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடும். அதனால்தான் கடைகளையே ஐஸின் மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சறுக்கிக்கொண்டு வந்து ஜன்னல் முன்னால் நின்று, காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். ஸ்கேட் போட்டிருக்கும்போது நீங்கள் சில அங்குலம் உயரமாகிவிடுவீர்கள் என்பதும் கூடுதல் சௌகரியம், கூட்டத்துக்கு மேலே தலை தெரியும்.

ஐஸில் நின்று சாப்பிடுவதற்கு எந்தப் பண்டம் ஏற்றது என்று யோசித்தால் இது ஏன் ஜெயித்தது என்று புரியும். தட்டு, முள்கரண்டி எதுவும் வேண்டாம். ஒரு காகித உறையில் வைத்துத் தருவார்கள், ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம், இன்னொரு கை சமநிலைக்கு மிச்சம். கனடாவின் இன்னொரு புகழ்பெற்ற தீனியான பூட்டினும் கால்வாயில் கிடைக்கும். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சீஸ் கட்டிகளும் கிரேவியும் ஊற்றியது. நல்ல பண்டம்தான், ஆனால் அதற்கு முள்கரண்டி வேண்டும், உட்கார இடம் வேண்டும், கிரேவி ஆறுவதற்குள் தின்ன வேண்டும். நின்றுகொண்டு தின்னச் சரிப்படாது.

பீவர்டெயில் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சோலா பட்டூரா மாவை வட்டமாகத் தேய்க்காமல் இரண்டு கையாலும் நீளவாக்கில் இழுத்துப் பொரித்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த முழுக்கோதுமை மாவு. உருண்டையை எடுத்து நீள்வட்டமாக இழுக்கிறார்கள், தேய்ப்பதில்லை. அதனால் ஓர் ஓரம் மெல்லிசாகவும் நடு கொஞ்சம் தடிப்பாகவும் இருக்கும். அங்கங்கே கொப்புளம் எழும்பும். எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து வடித்து, சூட்டோடு உருக்கிய வெண்ணெயைத் தடவி, பட்டைப்பொடி கலந்த சர்க்கரையில் புரட்டுவார்கள். மெல்லிய ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி பஞ்சு மாதிரியும் இருக்கும். சாப்பிடத் தெரிந்தவர்கள் ஓரத்திலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் அதுதான் முதலில் ஆறும்.

இப்போது எதை வாங்குவது. பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். ஹேசல்நட் சாக்லேட் பூசியது, அதன் மேல் வாழைப்பழம் அடுக்கியது, கடலை வெண்ணெயும் மிட்டாயும் சேர்த்தது, மேப்பிள் வெண்ணெய், கிரீம், இன்னும் என்னென்னவோ. பிள்ளைகள் சாக்லேட்டைத்தான் கைகாட்டும். என் யோசனை இது: உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் கடையில் எதையும் வாங்குங்கள், ஐஸின் மேல் மட்டும் பட்டைச் சர்க்கரை போட்டதையே வாங்குங்கள். அதோடு எலுமிச்சைச் சாறு பிழிந்த வகை ஒன்று உண்டு, பெயர் கில்லலூ சன்ரைஸ். என்னைக் கேட்டால் பட்டியலில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

காரணம் ருசி மட்டுமில்லை, குளிர். மைனஸ் 15இல் சாக்லேட் விழுது சில நிமிடத்தில் விறைத்துவிடும். கடித்தால் மெழுகு போல வழுக்கும், இனிப்பும் மந்தமாகத் தெரியும். வாழைப்பழத் துண்டு சில்லென்று பல்லில் கூசும். கிரீமைக் காற்று அள்ளிக்கொண்டு போய் உங்கள் மஃப்ளரில் பூசும். சர்க்கரைக்கும் பட்டைக்கும் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சூடான வெண்ணெயில் சர்க்கரை பாதி கரைந்தும் பாதி நறநறவென்றும் இருக்கும், எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் மட்டும் பாகு மாதிரி ஊறி நிற்கும். திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். முழுசாக ஒன்றைத் தின்ற பிறகும் சறுக்க முடியும் என்ற நம்பிக்கை மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்றில் வாசனை அதிகம் எழாது, நம் மூக்கும் கொஞ்சம் மரத்திருக்கும். ஒரு மணி நேரம் எதன் மணமும் தெரியாமல் சறுக்கிய பிறகு, கையில் ஆவி பறக்கும் பண்டத்தை முகத்தருகே கொண்டுபோனால் பட்டை வாசனை ஒரேயடியாக ஏறும். டொரன்டோ கடையில் வெயிற்காலத்தில் அதே பண்டம் சுமாராகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மற்ற காரணம் பசி. ஸ்கேட்டிங் லேசான உடற்பயிற்சி இல்லை, முதல்முறை செய்பவர்களுக்குத் தொடையும் முதுகும் விண்ணென்று தெறிக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிசாகவும் அகலமாகவும் இருப்பதால் சூடு நிற்காது. வாங்கிக்கொண்டு ‘அடுத்த பாலம் வரை போய் நிதானமாகச் சாப்பிடலாம்’ என்று கிளம்பினால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது சர்க்கரை தடவிய அட்டை. வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுங்கள். நால்வருக்கு நான்கு ஒரே நேரத்தில் வாங்காமல் இரண்டு வாங்கிப் பிய்த்துத் தின்றுவிட்டு, வேண்டுமென்றால் மறுபடி இரண்டு வாங்குங்கள். வகையைப் பொறுத்து ஒன்று தோராயமாக 7 முதல் 10 டாலர் வரை ஆகும். கம்பளிக் கையுறையோடு தின்றால் சர்க்கரை நூலில் சிக்கி வீடு வரை கூட வரும். ஒரு கைக்கு மட்டுமாவது கழற்றிவிடுங்கள்.

சைவ விஷயத்துக்கு வருகிறேன். பெயரில் பீவரின் வால் இருந்தாலும் உள்ளே பீவரும் இல்லை, வாலும் இல்லை. பீவர் என்பது கனடாவின் தேசியச் சின்னங்களில் ஒன்று, 1975இல் சட்டம் போட்டே அங்கீகரித்தார்கள், ஐந்து சென்ட் நாணயத்திலும் அதுதான் இருக்கும். தட்டையான, துடுப்பு போன்ற வால் கொண்ட பிராணி. இந்தப் பலகாரத்தின் வடிவம் அதுபோல இருப்பதால் வந்த பெயர், அவ்வளவே. (ரோமத்துக்காக பீவரை வேட்டையாடிய காலத்தில் நிஜ வாலையே சுட்டுத் தின்றவர்கள் உண்டு. தண்ணீரில் வாழ்வதால் அதை மீன் கணக்கில் சேர்த்து, விரத நாளிலும் தின்னலாம் என்று 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதித்தது தனிக் கதை.) நீங்கள் முட்டையும் சேர்க்காத சைவம் என்றால் மாவிலும் மேல்பூச்சிலும் முட்டை, பால் உண்டா என்று ஜன்னலிலேயே கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் நிறையப் பேர் கேட்பதால் அங்கே இது வழக்கமான கேள்விதான், முகம் சுளிக்க மாட்டார்கள். அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளலாம், சில கடைகளில் ஹாட் டாக் போன்றவையும் விற்பார்கள்.

இந்தப் பண்டத்தின் வரலாறு சிறியது. பூர்வீகமான பழம்பெரும் பலகாரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பெயரும் அப்படி நினைக்க வைக்கும். கிரான்ட் ஹூக்கர், பாம் ஹூக்கர் என்ற தம்பதி, குடும்பத்தில் தலைமுறைகளாகச் செய்துவந்த பொரித்த ரொட்டியை 1978இல் கில்லலூ என்ற ஊரின் கைவினைத் திருவிழாவில் விற்றார்கள். ஒட்டாவாவுக்கு மேற்கே உள்ள சின்ன ஊர் அது, எலுமிச்சை போட்ட வகைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கிருந்துதான். வால் மாதிரி இருக்கிறதே என்று சொன்னது அவர்கள் மகள் என்பார்கள். 1980இல் ஒட்டாவாவின் பைவார்ட் மார்க்கெட்டில் நிரந்தரக் கடை போட்டார்கள். கால்வாய்க் கடைகள் வந்த பிறகுதான் நாடு முழுக்கப் பெயர் பரவியது. 2009 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்க அதிபரான பிறகு ஒபாமா முதல் வெளிநாட்டுப் பயணமாக ஒட்டாவா வந்தபோது திடீரென்று மார்க்கெட்டில் இறங்கி ஒரு பீவர்டெயில் வாங்கினார். அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, பலகாரத்துக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. கால்வாய்க்கு இருநூறு ஆகப்போகிறது.

ரிடோ கால்வாய் என்ற அந்தக் கால்வாயை வெட்டியது சறுக்குவதற்கும் இல்லை, சரக்கு ஏற்றுவதற்கும் இல்லை. 1812இல் தொடங்கிய அமெரிக்கப் போருக்குப் பிறகு, எல்லையை ஒட்டி ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அமெரிக்கர்கள் வழிமறித்தால் என்ன செய்வது என்ற பயம் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. உள்நாட்டு வழியாகப் படகு போக, ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டருக்கு ஆறுகளையும் ஏரிகளையும் இணைத்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஜான் பை என்ற ராணுவப் பொறியாளர் தலைமையில் 1826இல் தொடங்கி 1832இல் முடிந்தது. வேலையில் சுமார் 1,000 பேர் செத்தார்கள், அதில் பெரும்பங்கு மலேரியாவால். கனடாவில் மலேரியாவா என்று கேட்பீர்கள். சதுப்பு நிலத்தில் வெயிற்காலம் முழுக்கக் கொசு, அதில் ஐரிஷ், பிரெஞ்சுக் கனடியக் கூலிகள். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் படிபோல இறங்கும் எட்டு மதகுகளை இன்றும் கையால் சுழற்றித்தான் திறக்கிறார்கள். எதற்காகக் கட்டினார்களோ அந்தப் போர் வரவே இல்லை. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சறுக்குவது வந்தது 1971 ஜனவரியில். தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவராக அப்போது டக்ளஸ் ஃபுல்லர்டன் இருந்தார். ஆணையத்து ஆட்கள் துடைப்பமும் மண்வாரியுமாக இறங்கி, தேசியக் கலை மையத்தின் பக்கத்தில் பனியை ஒதுக்கி ஒரு பாதை போட்டார்கள். முதல் வாரக் கடைசியிலேயே கூட்டம் அலைமோதியது. இன்று பாதை 7.8 கிலோமீட்டர் நீளம், நகர நடுவிலிருந்து டௌஸ் ஏரி வழியாக கார்ல்டன் பல்கலைக்கழகம் பக்கத்து மதகு வரை போகும். 2005இல் உலகின் மிகப்பெரிய இயற்கை ஐஸ் திடல் என்று கின்னஸ் அங்கீகாரம் கிடைத்தது. கட்டணம் கிடையாது. அரசு அலுவலர்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அதில் வேலைக்குப் போவதையும், மாணவர்கள் வகுப்புக்குப் போவதையும் வார நாள் காலையில் பார்க்கலாம்.

இனி, நான் முதலில் சொன்ன ஐஸ் விவகாரம். இதை அவசரப்படாமல் படியுங்கள், உங்கள் ஹோட்டல் காசு இதில்தான் இருக்கிறது.

அக்டோபரில் படகுகள் நின்றதும் மதகைத் திறந்து கால்வாயின் நீர்மட்டத்தைக் குறைப்பார்கள். பிறகு படிக்கட்டுகள், உடை மாற்றும் குடில்கள் எல்லாவற்றையும் பொருத்துவார்கள். அப்புறம் குளிருக்காகக் காத்திருப்புதான். தொடர்ந்து 10 முதல் 14 நாள் வரை மைனஸ் 10க்கும் மைனஸ் 20க்கும் இடையில் இருந்தால் ஐஸ் பிடிக்கும். ஆட்களையும் வண்டிகளையும் தாங்கக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். தடிமன் மட்டும் போதாது, ரகமும் பார்ப்பார்கள். தண்ணீர் அமைதியாக உறைந்தால் கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸ், அதுதான் பலம். பனி விழுந்து நனைந்து உறைந்தால் வெள்ளை ஐஸ், உள்ளே காற்றுக் குமிழிகள், பலம் குறைவு. பனி அதிகம் விழுந்தால் ஐஸுக்கு நல்லது என்று நம் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஐஸுக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி, கீழே குளிர் இறங்கவிடாது. அதனால் பனி விழுந்தவுடன் ஆட்கள் இறங்கித் தள்ளிவிடுவார்கள். இரவில் ஐஸில் துளை போட்டுக் கீழிருந்து தண்ணீரை இறைத்து மேலே பரப்புவார்கள், விடிவதற்குள் அது உறைந்து விரிசல்களை மூடி வழவழப்பாகிவிடும். காலை ஏழெட்டு மணிக்குப் போனால் அந்தப் புது ஐஸ் உங்களுக்குத்தான். மாலை நான்கு மணிக்குப் போனால் ஆயிரம் பேர் கீறிய ஐஸ்.

இவ்வளவு செய்தும் வானிலை ஒத்துழைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. 2022-23 குளிர்காலத்தில் கால்வாய் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, வரலாற்றில் முதல்முறையாக. பிப்ரவரி கடைசி வரை காத்திருந்து, பிறகு இந்த ஆண்டு இல்லை என்று ஆணையம் அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு திறந்தார்கள், நான்கைந்து நாளில் மூடினார்கள், திரும்பத் திறந்தார்கள், மொத்தம் சுமார் 10 நாள்தான் தேறியது. 2025இல் ஜனவரி 11 அன்றே திறந்து 50 நாளுக்கு மேல் ஓடியது. ஆகவே ‘பிப்ரவரி என்றால் நிச்சயம் ஐஸ் இருக்கும்’ என்று எந்த உறவினர் சொன்னாலும் நம்பாதீர்கள், பத்து வருடம் முந்தைய அனுபவத்தை வைத்துச் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளும், கிளம்பும் காலையிலும் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஐஸ் நிலவரம் பாருங்கள். பகுதி பகுதியாகத் திறந்ததா மூடியதா என்று போட்டிருப்பார்கள், நேரில் பச்சைக்கொடி என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்புக்கொடி பறக்கும்போது நான்கு பேர் உள்ளே சறுக்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம். பிப்ரவரியில் விண்டர்லூட் என்ற குளிர்காலத் திருவிழாவும் நடக்கும், 1979இலிருந்து. ஐஸ் சிற்பம், பிள்ளைகளுக்குப் பனிச் சறுக்கு மேடை எல்லாம் இருக்கும், கால்வாய் மூடியிருந்தாலும் நாள் வீணாகாது. ஆனால் பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை ஒன்டாரியோ மாகாணத்தில் ஃபேமிலி டே விடுமுறை. அந்த மூன்று நாளும் டொரன்டோவே கிளம்பி வந்தது போல இருக்கும், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் நம் ஆட்களையும் அதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். பீவர்டெயில் வரிசையிலேயே கால் விறைத்துவிடும். முடிந்தால் செவ்வாய், புதன் என்று வாருங்கள்.

முதல்முறை ஸ்கேட்டுக்குச் சில வார்த்தை. ஸ்கேட்டை ஐஸின் மேலேயே வாடகைக்குத் தருவார்கள். அளவு சரியாக இருக்க வேண்டும். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போடாதீர்கள், கால் உள்ளே ஆடும், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து அதிகம் குளிரும். மெல்லிய கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும். கணுக்கால் பகுதியில் கயிற்றை நன்றாக இறுக்குங்கள், விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நில்லுங்கள். நேராக விறைத்து நிற்பவர்கள்தான் பின்பக்கமாக விழுவார்கள், பின்பக்கம் விழுவதுதான் ஆபத்து. விழப் போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சரிந்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள், பெரியவர்கள் போட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். இயற்கை ஐஸ் என்பதால் நீளவாக்கில் விரிசல் இருக்கும், பிளேடு அதில் மாட்டினால் ஆள் முன்னால் போவார், கால் வராது. எனவே கண் எப்போதும் நாலடி முன்னால் இருக்கட்டும்.

சிறியவனுக்கு ஸ்கேட் பிடிக்காவிட்டால் சறுக்கு வண்டி வாடகைக்கு எடுத்து அதில் உட்காரவைத்து இழுக்கலாம். உங்கள் மனைவிக்கு விருப்பமில்லை என்றால் பூட்ஸோடு ஓரமாக நடந்தும் வரலாம், அதற்குத் தடையில்லை.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். நகர நடுவில் தொடங்கி டௌஸ் ஏரிப் பக்கம் போனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்தவர்கள் திரும்பும்போது பாதியில் கரையேறிப் பேருந்து பிடிப்பதைப் பார்க்கலாம். நீங்கள் முழுத் தூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ பாதி வழியில் ஐந்தாவது அவென்யூ பக்கம் ஓய்விடம், கழிப்பறை, உடை மாற்றும் குடில் எல்லாம் உண்டு. கடைகள் எந்த இடத்தில் என்பது ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், அதையும் அதே இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது வரை போய், தின்று, திரும்பினாலே பிள்ளைகளுக்கு நிறைவாக இருக்கும்.

கால்வாய் மூடியிருந்தால் பைவார்ட் மார்க்கெட் கடைக்குப் போங்கள், அது ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். சறுக்கவும் ஆசை இருந்தால், இயந்திரத்தால் குளிரூட்டப்பட்ட திடல்கள் நகரில் உண்டு, நகராட்சி மன்றத்தின் முன்னால் ஒன்று இருக்கிறது. கால்வாய் அளவுக்கு வராது, ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள். செய்யலாம். கடையின் செய்முறை அவர்களுடையது, நான் செய்வது இப்படி. கோதுமை மாவு 200 கிராம், மைதா 200 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 40 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி. முட்டை தேவையில்லை. சப்பாத்தி மாவு கொஞ்சம் கூடுதலாகப் பாலை இழுக்கும், கையில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை ஊற்றுங்கள். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும், அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை வரும். எட்டு உருண்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கையால் நீளமாக இழுங்கள். முதலில் இழுக்கும்போது ரப்பர் மாதிரி சுருங்கும், பலவந்தம் வேண்டாம். பாதி இழுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எட்டும் முடிந்து முதலுக்குத் திரும்பும்போது அது சொன்ன பேச்சு கேட்கும். பூரிக் கட்டையைத் தொடாதீர்கள். கட்டை காற்றையெல்லாம் நசுக்கிவிடும், பிறகு பூரி மாதிரி உப்பும், உள்ளே பஞ்சு இருக்காது. எண்ணெய் 180 டிகிரி. வெப்பமானி இல்லை என்றால் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள், உடனே மேலே வந்து நுரைக்க வேண்டும், ஆனால் உடனே சிவக்கக் கூடாது. பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம். எடுத்த சூட்டிலேயே வெண்ணெய், பட்டைச் சர்க்கரை, கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழம். சர்க்கரைக்கு முன்னால் பிழிந்தால் நசநசத்துவிடும், அந்த வரிசை முக்கியம்.